நெய்ச்சட்டியின் சத்தம்: எண்ணெய்க்குள் தண்ணீர் வெடிக்கிற கதை

2022 யூன் மாதக் கடைசி. அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் எண்டு அரசாங்கம் அறிவித்திருந்த நாட்கள். நாங்கள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தோம். அப்பாமாருக்குப் பதிலாக வரிசையில் நின்று இடம் பிடிக்கிறதுதான் எங்கட வேலை. அந்த வரிசையில்தான் ஒரு வீடியோ போன் போனாக வந்து சேர்ந்தது. ஒருத்தர் ஒரு போத்தலுக்குள் டீசலையும் தண்ணீரையும் விட்டு, இன்னொரு திரவத்தையும் கொஞ்சம் சேர்த்து, நல்லாக் குலுக்குகிறார். பால் மாதிரி வெள்ளையாக ஒண்டு வருகிறது. அதை இயந்திரத்துக்கு ஊற்ற, இயந்திரம் ஓடுகிறது. "இனி வாகனம் தண்ணியில ஓடும்" எண்டு கீழே எழுதியிருந்தது.

பக்கத்தில் நின்ற மெக்கானிக் அண்ணை ஒருத்தர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஓடும் தம்பி. எத்தனை நாளைக்கு எண்டதுதான் கேள்வி."

எங்களுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. உண்மையோ பொய்யோ எண்டு ஒரு சொல்லில் சொல்லுங்கோவன் எண்டுதான் இருந்தது. இப்போது கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற நேரம், அந்த அண்ணை சொன்னது எவ்வளவு கவனமான பதில் எண்டு விளங்குகிறது. எண்ணெய்க்குள் தண்ணீரைக் கலந்து எரிக்கிறது வெறும் புரளி இல்லை. அதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. ஆனால் அந்த வரலாற்றில் எந்த இடத்திலும் தண்ணீர் எரிபொருளாக இருந்ததில்லை. அது செய்தது வேறொரு வேலை. அந்த வேலை என்ன, அதை யார் எப்போது கண்டார்கள், ஏன் சில காலங்களில் மட்டும் உலகம் அதைத் தேடிப் போனது எண்டதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறோம்.

வெண்ணெய் உருகும்போது

குசினியில் இருந்தே தொடங்குவம். வெண்ணெயை உருக்கி நெய் காய்ச்சுறதைப் பார்த்திருப்பீர்கள். சட்டி சூடாக, சடசட எண்டு சத்தம் வரும். அம்மம்மாமார் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பதம் பார்ப்பார்கள். சத்தம் அடங்கினால் நெய் சரி.

அடங்கினது என்ன? தண்ணீர். கடையில் வாங்குகிற பட்டரில் ஏறக்குறைய 16 வீதம் தண்ணீர்தான். அது கண்ணுக்குத் தெரியாத சின்னத் துளிகளாகக் கொழுப்புக்குள் சிதறிக் கிடக்கிறது. ஒண்டோடு ஒண்டு கரையாத இரண்டு திரவங்கள் இப்படி ஒண்டுக்குள் ஒண்டு துளித்துளியாக இருக்கிற கலவையைப் பால்மம் எண்டு சொல்லுவார்கள். தேங்காய்ப்பாலும் பால்மம்தான். ஆனால் அது மறுவளம்: அங்கே தண்ணீருக்குள் எண்ணெய்த் துளிகள். வீடியோவில் வந்த வெள்ளைக் கலவை வெண்ணெயின் இனம், எண்ணெய்க்குள் தண்ணீர்த் துளிகள். வெறுமனே குலுக்கினால் இரண்டும் கொஞ்ச நேரத்தில் பிரிந்துவிடும். பிரியாமல் பிடித்து வைக்க, சவர்க்காரம் போல ஒரு முனையால் தண்ணீரையும் மறுமுனையால் எண்ணெயையும் பற்றிக்கொள்கிற ஒரு பொருள் வேணும். அந்த "இன்னொரு திரவம்" அதுதான்.

இப்போது இந்தக் கலவையில் ஒரு சின்னத் துளி சூடான உலைக்குள் விழுகிறது எண்டு வைப்பம். வெளியில் எண்ணெய், உள்ளே நூற்றுக்கணக்கான தண்ணீர்த் துணுக்குகள். துளி சூடாகிறது. 100 பாகை செல்சியஸ் வந்ததும் தண்ணீர் கொதிக்க வேணும் எண்டுதானே சின்ன வகுப்பில் படித்தோம்? அது கொதிக்காது. கொதிக்கத் தொடங்குகிறதுக்கு ஒரு இடம் வேணும். கேத்தலில் தண்ணீர் கொதிக்கும்போது குமிழிகள் அடியில் உள்ள கீறல், அழுக்கு, ஒட்டியிருக்கிற காற்று ஆகியவற்றில் இருந்துதான் எழும்பும். எண்ணெய்க்குள் மாட்டுப்பட்ட தண்ணீருக்கு அப்படி ஒரு கீறலும் இல்லை. சுத்திவர வழுவழுப்பான எண்ணெய் மட்டும்தான். அதனால் 120, 150, 200 பாகை எண்டு சூடு ஏறியும் அது திரவமாகவே இருக்கும். இதை மிகைவெப்பமேறிய நிலை என்பார்கள்.

ஆனால் அதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்குக் கிட்டப் போனதும், அல்லது அதற்கு முன்னமே எங்காவது ஒரு குமிழி பிறந்ததும், தண்ணீர் ஒரே அடியாக நீராவியாகிறது. சாதாரண அமுக்கத்தில் நீராவி தண்ணீரைப் போல 1,600 மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். சுத்தியிருக்கிற எண்ணெயால் அதைத் தாங்க ஏலாது. துளி வெடித்துப் பல நுண்துளிகளாகச் சிதறும். இதுதான் நுண்வெடிப்பு. சில நேரம் முழுத்துளியும் சிதறாமல் ஒரு பக்கத்தால் மட்டும் சீறிவிட்டு அடங்குகிறதும் உண்டு.

சின்னத் துளியாகினால் என்ன லாபம்?

இந்தக் கேள்விக்கு எங்கட ஊர் ஆக்களிட்டை ஒரு பதில் இருக்கிறது. 1990களின் முதல் பாதியில், பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயில் நேரடியாக ஸ்ரார்ட் வராது. சூப்பிப் போத்தலால் கொஞ்சம் பெற்றோலை உள்ளே பீச்சி, இயந்திரம் சூடான பிறகுதான் மண்ணெண்ணெய் பிடிக்கும். பின்னால் ஒரே புகை. அந்தக் கதையை எங்கட வீடுகளில் கேட்காத பிள்ளை இல்லை.

அதற்குள் இருக்கிற இரசாயனம் இதுதான். எண்ணெய் திரவமாக எரியிறதில்லை, ஆவியாகித்தான் எரியும். பெற்றோல் லேசில் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்குக் கூடச் சூடு வேணும். டீசலுக்கு இன்னும் கூட. உலைகளிலும் கப்பல்களிலும் எரிக்கிற தார் போன்ற கன எண்ணெய்க்கு எல்லாவற்றையும் விடக் கூட. ஆவியாக நேரம் போதாமல் விட்டால் துளியின் மிச்சம் கரியாகவும் புகையாகவும் போகும். 1953இல் பிரித்தானியாவில் கொட்சேவும் ஸ்போல்டிங்கும் தனித்தனியாக ஒரு விதியை எழுதினார்கள்: ஒரு துளி எரிந்து முடிகிற நேரம் அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதசமம். விட்டம் பாதியானால் நேரம் காற்பங்கு. ஒரு துளி சம அளவான 1,000 துளிகளாக உடைந்தால் ஒவ்வொண்டின் விட்டமும் முன்னையதில் 10இல் ஒரு பங்கு. மொத்த மேற்பரப்பு 10 மடங்கு கூடும். எரிகிற நேரம் 100இல் ஒரு பங்காகக் குறையும்.

ஆக, தண்ணீரின் வேலை எரியிறது இல்லை. எண்ணெயை உள்ளிருந்து உடைக்கிறது.

கொதிநிலையைத் தேடினவர்கள்

இந்தக் கதையின் முதல் ஆட்கள் எரிபொருளைப் பற்றி யோசிக்கவே இல்லை. 18ஆம் நூற்றாண்டில் ஜெனீவாவைச் சேர்ந்த ஜோன் ஆந்த்ரே டெலூக்குக்கு வெப்பமானியைச் சரியாக அளவிட வேண்டியிருந்தது. அதற்கு ஒரு நிலையான கொதிநிலை வேணும். தண்ணீர் எப்போது "உண்மையாக" கொதிக்கிறது எண்டு பார்க்க, அதில் கரைந்திருக்கிற காற்றை எல்லாம் வெளியேற்ற நினைத்தார். ஒரு குடுவையில் தண்ணீரை வைத்துக்கொண்டு நான்கு கிழமையாகக் குலுக்கினார். நித்திரை கொள்ளுற நேரம் தவிரப் பெரும்பாலும் குடுவை கையில்தான். அப்படிக் காற்று நீங்கின தண்ணீர் 112 பாகை வரைக்கும் கொதிக்காமல் இருந்து, பிறகு ஒரேயடியாகக் குமுறிப் பாய்ந்தது. 2004இல் வெளியான ஒரு நூலில் ஹசோக் சாங் எண்ட அறிவியல் வரலாற்றாசிரியர் இந்தக் கதையை விரிவாகச் சொல்லுகிறார். நாங்கள் இந்தப் பக்கம் வந்ததே அந்த வாசிப்பால்தான்.

1861இல் சுவிற்சர்லாந்தின் லோசானில் லூயி டுஃபூர் இன்னொரு படி போனார். பாத்திரத்தின் சுவர்தான் கொதிப்பைத் தொடக்கிவிடுகிறது எண்டால், சுவரே இல்லாமல் செய்தால் என்ன? ஆளிவிதை எண்ணெயையும் கராம்பு எண்ணெயையும் தண்ணீரின் அடர்த்திக்குச் சரிவரக் கலந்து, அதற்குள் தண்ணீர்த் துளிகளை விட்டார். துளிகள் அமிழவும் இல்லை, மேலே வரவும் இல்லை. நடுவிலேயே மிதந்தன. எண்ணெயைச் சூடாக்கினார். 178 பாகை வரைக்கும் சில துளிகள் கொதிக்காமல் நின்றன. ஒரு குச்சியால் தொட்டதும் சீறி வெடித்தன. மக்ஸ்வெல் 1871இல் எழுதின வெப்பம் பற்றின பாடநூலில் இந்தப் பரிசோதனையை எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

கவனியுங்கோ, இது எண்ணெய்க்குள் தண்ணீர்த் துளி. நுண்வெடிப்புக்கு வேண்டிய எல்லாம் 1861இலேயே டுஃபூரின் பாத்திரத்துக்குள் இருந்தது. ஆனால் அவருடைய கேள்வி கொதிநிலை எண்டால் என்ன எண்டது. அந்தக் காலத்தின் கவலை நீராவிக் கொதிகலன்கள் வெடிக்கிறது. அதற்கும் மிகைவெப்பமேறிய தண்ணீர் ஒரு காரணமாக இருக்கலாம் எண்டு டுஃபூர் எழுதினார். உலகம் நிலக்கரியில் ஓடிக்கொண்டிருந்தது. பென்சில்வேனியாவில் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டி இரண்டு வருசம்தான் ஆகியிருந்தது. எண்ணெயை நல்லா எரிக்கிறது எப்படி எண்ட கேள்வி இன்னும் பெரிதாகப் பிறக்கவில்லை.

1913இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பேர்ட்ரம் ஹொப்கின்சன் வாயு இயந்திரத்தின் சிலிண்டருக்குள்ளேயே தண்ணீரைப் பீச்சினார். அவருக்கும் துளியை உடைக்கிற நோக்கம் இல்லை. இயந்திரத்தைக் குளிரவைக்கிறதுதான் நோக்கம்.

மொஸ்கோவில் ஒரு சொல்

எண்ணெய்யும் தண்ணீரும் எரிபொருளாகச் சந்தித்த முக்கியமான இடம் சோவியத் ஒன்றியம். அங்கே மின்நிலையங்களிலும் உலைகளிலும் மசூத் எண்டு சொல்லுற கன எண்ணெயை எரித்தார்கள். குளிரில் அது இறுகிப்போகும். ரயில் தாங்கிகளில் இருந்து இறக்குகிறதுக்கு அதற்குள் நீராவியை விட்டுச் சூடாக்குவார்கள். அந்த நீராவி தண்ணீராகி எண்ணெய்க்குள்ளேயே தங்கும். தண்ணீர் சேர்ந்த மசூத்தை என்ன செய்கிறது? எடுத்து எறியிறதா, எரிக்கிறதா? ஒரு தொல்லையாகத் தொடங்கின கேள்வி இது.

1962இல் இவனொவ், நெஃபெடொவ் எண்ட இரண்டு ஆய்வாளர்கள், இயற்கையான எரிபொருளின் துளிகளையும் பால்மமாக்கின எரிபொருளின் துளிகளையும் எரித்து ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தண்ணீர் கலந்த துளி அமைதியாக எரிந்து சிறுக்கவில்லை, வெடித்துச் சிதறியது. நுண்வெடிப்பு எண்ட சொல் அவர்களோடுதான் இந்தத் துறைக்குள் வந்தது. 1965இல் அந்தக் கட்டுரையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டது அமெரிக்காவின் நாசா. விண்வெளியில் இரண்டு நாடுகளும் போட்டி போட்டுக்கொண்டிருந்த வருசங்கள் அவை. எதிராளி ஒரு சொட்டு எண்ணெயை எப்படி எரிக்கிறான் எண்டுகூடப் பார்த்திருக்கிறார்கள்!

மொழிபெயர்ப்பு வந்தாலும் அமெரிக்காவில் அவசரம் வரவில்லை. எண்ணெய் மலிவு. அவசரம் வந்தது 1973 ஒக்ரோபரில். அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. பீப்பாய் ஒண்டு ஏறக்குறைய 3 டொலரில் இருந்து 1974 தொடக்கத்தில் 12 டொலருக்குக் கிட்டப் போனது. அமெரிக்கர்களும் வரிசையில் நின்றார்கள். அதற்குப் பிறகு வந்த சில வருசங்களில் எழுதினவற்றைப் பாருங்கோ: 1976இல் பிரின்ஸ்டனைச் சேர்ந்த பிரெடெரிக் ட்ரையர் எரிதல் பற்றின சர்வதேச மாநாட்டில் தண்ணீர் சேர்க்கிறது பற்றி ஒரு விரிவான மீளாய்வை முன்வைத்தார். 1977இல் சி. கே. லோ எண்ணெய்–தண்ணீர்ப் பால்மத் துளி எரிகிறதுக்கு ஒரு கணித மாதிரியை வெளியிட்டார். 1980ஐ ஒட்டின வருசங்களில் லசெராஸ், பெர்ணாண்டஸ்-பேயோ, ட்ரையர் மூவரும் துளியை நூலில் தொங்கவிடாமல் சுதந்திரமாக விழவிட்டுப் படம் பிடித்தார்கள். ஏன் எண்டால் துளியைத் தாங்கிற அந்த நூலே குமிழி பிறக்கிறதுக்கு இடம் கொடுத்துவிடும். டுஃபூர் சுவரை அகற்றின அதே யோசனைதான்.

லோவின் மாதிரி ஒரு முக்கியமான நிபந்தனையைத் தெளிவாக்கியது. உள்ளே இருக்கிற தண்ணீர் எல்லைச் சூட்டை அடையிற வரைக்கும் வெளியில் எண்ணெய் திரவமாக இருக்க வேணும். அந்த எல்லை எவ்வளவு? 1972இல் ரொபேர்ட் அப்ஃபெல் சாதாரண அமுக்கத்தில் தண்ணீரை 279.5 பாகை வரைக்கும் கொதிக்காமல் சூடாக்கிக் காட்டினார். பெற்றோலின் பெரும்பகுதி 200 பாகைக்குள்ளேயே ஆவியாகிவிடும். அதனால் பெற்றோல் துளி தண்ணீரை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோகாது. டீசலும் கன எண்ணெயும்தான் கொண்டுபோகும். அமுக்கம் கூடக் கூட எண்ணெயின் கொதிநிலையும் ஏறுகிறதால் வெடிப்புக்கு வாய்ப்புக் கூடும்.

டகோவா, 1982

ஆய்வுகூடத்துத் துளி ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. அதே இரண்டு திரவங்கள் ஒரு பெரிய தாங்கி அளவில் இருந்தால் என்ன நடக்கும் எண்டதை வெனிசுவேலா கண்டது. 1982 டிசம்பர் 19, தலைநகர் கரகாசுக்குக் கிட்ட, டகோவா மின்நிலையத்தின் கன எண்ணெய்த் தாங்கி ஒண்டு காலையில் தீப்பிடித்தது. பல மணித்தியாலம் எரிந்தது. தீயணைப்பு வீரர்கள், ஊடகக்காரர், ஊர்ச்சனம் எல்லாரும் கிட்ட நின்றார்கள். எரிகிற எண்ணெயின் சூடு மெல்ல மெல்லக் கீழே இறங்கி, தாங்கியின் அடியில் கிடந்த தண்ணீரைத் தொட்டது. தண்ணீர் ஒரேயடியாக நீராவியாகி, எரிகிற எண்ணெயை மேலே தூக்கி எறிந்தது. 150க்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

இது நுண்வெடிப்பு இல்லை. இங்கே தண்ணீர் துளித்துளியாகக் கலந்திருக்கவில்லை, அடியில் தேங்கி நின்றது. ஆனால் காரணம் ஒண்டுதான்: எண்ணெய் கொதிக்காத சூட்டில் தண்ணீர் நீராவியாகிறது, எண்ணெய் அதன் வழியில் நிற்கிறது. எரிகிற எண்ணெய்த் தாச்சிக்குத் தண்ணீர் ஊத்தாதேங்கோ எண்டு சொல்லுறதும் இதனால்தான். மூடியால் மூடி, அடுப்பை நிப்பாட்டுங்கோ.

விலை இறங்க, புகை ஏற

1986இல் எண்ணெய் விலை சரிந்தது. பால்மத்தின் மேல் இருந்த அவசரமும் தணிந்தது. அது திரும்பி வந்தது இன்னொரு காரணத்துக்காக: நகரங்களின் காற்று. 1946இல் செல்டோவிச் எழுதினதன்படி, சுவாலை மிகவும் சூடாகும்போது காற்றில் உள்ள நைதரசனே ஒட்சிசனோடு சேர்ந்து நச்சு ஒட்சைட்டுகளாகும். தண்ணீர் சுவாலையின் சூட்டைக் குறைக்கும், துளியை உடைத்துக் கரியையும் குறைக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். பிரான்சின் எல்ஃப் நிறுவனம் "அக்வாசோல்" எண்ட பெயரில் பத்து வீதத்துக்குச் சற்றுக் கூடத் தண்ணீர் கலந்த டீசலை நகரப் பேருந்துகளுக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் லூப்ரிசோல் நிறுவனத்தின் "பியூரிநொக்ஸ்" கலவையைக் கலிபோர்னியாவின் காற்று வளச் சபை 2001இல் ஏற்றுக்கொண்டது.

பிறகு கந்தகம் குறைந்த டீசலும் புகைக்குழாய் வடிகட்டிகளும் வந்தன. பழைய இயந்திரத்துக்குத் தண்ணீர் கொடுத்துப் புகையைக் குறைக்கிறதை விட, புதிய இயந்திரத்தோடு வடிகட்டியைப் பூட்டுறது நிச்சயமான வழியாகியது. வீதிகளில் இருந்து பால்மம் மெல்ல ஒதுங்கியது. ஆய்வு மட்டும் நிற்கவில்லை. 1996இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரே மாதிரியான துளிகள்கூட ஒரே நேரத்தில் வெடிப்பதில்லை எண்டு காட்டி, அதைப் புள்ளிவிபரவியலால் கையாண்டார்கள். ரஷ்யாவின் தொம்ஸ்கும் இங்கிலாந்தின் பிறைற்றனும் சேர்ந்து இப்போதும் துளி எப்போது சிதறும் எண்டு கணக்குப் போடுகின்றன. ஓடுகிற இயந்திரத்தின் சிலிண்டருக்குள் நுண்வெடிப்பு எவ்வளவு நடக்கிறது எண்டதில் இன்னும் வாதம் இருக்கிறது. அங்கே துளிகள் மிகச் சின்னன், கிடைக்கிற நேரமும் மில்லிசெக்கன்தான்.

அந்த அண்ணையின் கேள்வி

இனி வரிசைக்குத் திரும்பி வருவம். ஒரு கிலோ டீசல் எரிந்தால் ஏறக்குறைய 43 மெகாயூல் சக்தி வரும். ஒரு கிலோ தண்ணீர் எரிந்தால் ஒண்டும் வராது. மாறாக 100 பாகையில் அதை ஆவியாக்கவே 2.26 மெகாயூல் செலவாகும். 10 வீதம் தண்ணீர் கலந்த எரிபொருளில் அந்தச் செலவு மொத்தத்தில் ஒரு வீதத்துக்கும் குறைவு, பெரிய நட்டம் இல்லை. ஆனால் தாங்கியில் டீசல் 10 வீதம் குறைவு எண்டது மாறாது. இயந்திரம் முன்னம் புகை கக்கி எண்ணெயை வீணாக்கினதெண்டால் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். ஏற்கெனவே நல்லா எரிக்கிற இயந்திரத்தில் ஒரு அதிசயமும் நடக்காது. போத்தலில் குலுக்கின கலவை பிரிந்து தண்ணீர் அடியில் தங்கினால், பம்பும் இன்ஜெக்டரும் துருப்பிடிக்கும். "எத்தனை நாளைக்கு" எண்டு அண்ணை கேட்டது அதைத்தான்.

எங்களுக்கு இதில் பிடித்த விசயம் வேறொண்டு. 1861இலும் 2022இலும் துளி ஒரே மாதிரித்தான் வெடித்தது. கொதிகலன் வெடித்த காலம் அதில் ஆபத்தைக் கண்டது. மசூத் நனைந்த காலம் ஒரு தீர்வைக் கண்டது. எண்ணெய் விலை ஏறின காலம் சிக்கனத்தையும், நகரம் மூச்சுத் திணறின காலம் சுத்தமான காற்றையும் கண்டன. நாங்கள் வரிசையில் நின்ற காலம் அதில் ஒரு மாயத்தைக் காண ஆசைப்பட்டது. அந்த வீடியோவை அனுப்பினவர்களை இப்போது எங்களால் ஏளனம் செய்ய ஏலாது. தேவை எங்களையும்தான் அப்படி நம்ப வைத்தது.

மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டின ஆக்கள் இன்னும் எங்கட வீடுகளில் இருக்கிறார்கள். எவ்வளவு பெற்றோல் பீச்சினார்கள், எவ்வளவு நேரம் சூடாக்கினார்கள், எந்த இயந்திரம் தாங்கியது, எது பழுதாகியது எண்டு அவர்களுக்குக் கணக்காகத் தெரியும். அது மாநாட்டில் வாசிக்காத ஆய்வு. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்பம்.